கடைக்காரர் 3000 விஏ என்கிறார், வாங்கலாமா?

அலுவலகக் கணினி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் அலுவலகத்தில் எட்டுப் பேர் வேலை செய்கிறோம். கணக்கு மென்பொருளும் சரக்கு ஆவணங்களும் ஒரு சர்வரில் இருக்கின்றன. பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க் போட்ட ஒரு நாஸ் (வலையில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) உண்டு. மின்சாரம் போனால் பேட்டரியில் சர்வரை ஓட்டும் யூபிஎஸ் போடலாம் என்று இரண்டு இடத்தில் விலை கேட்டேன். ஒருவர் 1000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) போதும், 200 வெள்ளிக்குள் முடியும் என்கிறார். இன்னொருவர் 3000 விஏ ஆன்லைன் மாடல்தான் பாதுகாப்பு என்று 1,500 வெள்ளிக்கு மேல் சொல்கிறார். என் கூட்டாளியோ, சிங்கப்பூரில் கரண்டே போகாது, இது வீண் செலவு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- உபி வாசகர், சரக்கு அனுப்பும் நிறுவனம்

பதில்: முதலில் உங்கள் கூட்டாளிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஊர் மின்சாரத்தைப் பற்றி அவர் சொல்வது சரிதான். மின்சாரத்தை விநியோகிக்கும் எஸ்பி குழுமத்தின் மின்கட்டமைப்பு உலகின் மிக நம்பகமானவற்றுள் ஒன்று. பெரிய மின்தடை என்றால் 2004 ஜூன் 29, 2018 செப்டம்பர் 18 என்று தேதி போட்டுச் சொல்லும் அளவுக்கு அபூர்வம். 2018-இல் அதிகாலை 1.18-க்குப் போன மின்சாரம் 38 நிமிடத்தில் எல்லா இடத்துக்கும் திரும்பிவிட்டது. ஆனால் அந்த 1.18-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அலுவலகத்தில் ஆள் இல்லை, சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பல அலுவலகங்களில் இரவு பேக்கப் ஓடுவதும் அந்த நேரத்தில்தான்.

அதைவிட முக்கியம், உங்கள் சர்வருக்கு மின்சாரம் நிற்க ஊரே இருள வேண்டியதில்லை. காக்கி புக்கிட்டில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பேன்ட்ரியில் தண்ணீர் கொதிகலன் ஒன்று, அடியில் லேசான கசிவு. இரவில் தண்ணீர் ஆறி, அது தானாக மறுபடி சூடேற்றத் தொடங்கும்போது டிபி பாக்ஸில் (மின்பகிர்வுப் பெட்டி) உள்ள ஆர்சிசிபி என்ற மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே விழ வேண்டிய சாதனம் அது. மனித உயிரைக் காப்பதற்காக வைத்தது, அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்தது. சிக்கல் என்னவென்றால் அதே ஆர்சிசிபியின் கீழ்தான் சர்வர் அறையும் இருந்தது. காலையில் முதலில் வருபவர் சுவிட்சைத் தூக்கிவிடுவார், சர்வர் கிளம்பிவிடும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு திங்கட்கிழமை கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. டேட்டாபேஸ் கோப்பு பாதி எழுதிய நிலையில் நின்றிருந்தது. அதற்கு முந்தைய நல்ல பேக்கப் வெள்ளிக்கிழமையுடையது. சனிக்கிழமை உட்கார்ந்து ஏற்றிய விலைப்பட்டியல்கள் எல்லாவற்றையும் காகிதத்தைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார்கள்.

இன்னொன்று, கட்டட நிர்வாகம் பிரதான மின்பலகையைப் பராமரிக்க ஞாயிற்றுக்கிழமை மின்சாரத்தை நிறுத்துவது. மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சர்வரை அணைக்க எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அப்புறம் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மீள்வது. எங்கோ ஒரு கேபிளில் பழுது வந்தால், அது துண்டிக்கப்படும் வரை சுற்று வட்டாரத்தில் விளக்கு ஒருமுறை மங்கிப் பழையபடி எரியும். ஒரு வினாடிகூட இருக்காது. நமக்குக் கண் சிமிட்டியது போல, சர்வருக்கோ அது ரீஸ்டார்ட்.

ஆகவே யூபிஎஸ் தேவை. ஆனால் எதற்குத் தேவை என்பதில் தெளிவாக இருந்தால்தான் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் அலுவலகத்தை நடத்துவதற்கு நீங்கள் இதை வாங்கவில்லை. ஒரு கணத் தாழ்வைத் தாங்க வேண்டும். நீண்ட தடை என்றால் சர்வர் எழுதிக்கொண்டிருப்பதை எழுதி முடித்து, கோப்புகளை மூடி, தானாக அணைய வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் போதும். வணிகக் கணக்குப் பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது உள்நாட்டு வருவாய் ஆணையம். அந்தக் கோப்புகள் உடையாமல் இருப்பதற்குத்தான் இந்தச் செலவு.

சரி, எத்தனை விஏ? கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் சர்வரையே அளந்துவிடுங்கள். சுவர் சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவே செருகும் சின்ன மின் அளவி 20, 30 வெள்ளிக்குக் கிடைக்கிறது. சர்வர், நாஸ், நெட்வொர்க் சுவிட்ச், ரவுட்டர், இணைய ஃபைபர் பெட்டி எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டி அளவி வழியாக ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு, பேக்கப் ஓடும்போது எவ்வளவு, எல்லாவற்றையும் ஒன்றாக ஆன் செய்யும் அந்த ஒரு நிமிடத்தில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். சர்வரின் பின்னால் 500 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பவர் சப்ளையின் உச்ச வரம்பு, உண்மையில் இழுப்பது அதில் சிறு பங்கு. எட்டுப் பேர் அலுவலகத்தின் ஒற்றைச் சர்வர், இரண்டு டிஸ்க் நாஸ், சுவிட்ச், ரவுட்டர் எல்லாம் சேர்த்து 200 வாட்டைச் சுற்றித்தான் பெரும்பாலும் நிற்கும்.

இப்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்கு வருவோம். பெரிய எழுத்தில் விஏ இருக்கும், சின்ன எழுத்தில் வாட் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது வாட். 1000 விஏ என்று எழுதிய இரண்டு பெட்டிகளில் ஒன்று 550, 600 வாட்தான் தாங்கும், இன்னொன்று 900 வாட் தாங்கும். விலை வித்தியாசத்துக்கு ஒரு காரணம் இதுவே. 200 வாட் சுமைக்கு 600 வாட் பெட்டி தாராளம், நாளைக்கு ஒரு டிஸ்க் கூட்டினாலும் இடம் இருக்கும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பது விஏ எண்ணில் இல்லை, உள்ளே இருக்கும் பேட்டரியில் இருக்கிறது. 1500 விஏ மாடல்கள் பலவற்றில் 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு இருக்கும். பெருக்கினால் 216 வாட்-மணி. 200 வாட் சுமை என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஈய-அமில பேட்டரியை வேகமாக உறிஞ்சினால் அது எழுதியிருக்கும் அளவைத் தராது, கிட்டத்தட்டப் பாதிதான் தரும். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். புதிதில் 25 நிமிடம் வந்தால் நல்லது. மூன்றாம் ஆண்டில் அதில் பாதி வந்தாலும் உங்கள் வேலைக்குப் போதும். அதனால்தான் 1000-க்குப் பதில் 1500 விஏ எடுங்கள் என்கிறேன். வாட் போதாமல் இல்லை, பேட்டரி வயதான பிறகும் நிமிடங்கள் மிச்சம் இருக்க வேண்டும்.

வகையைப் பற்றி. மலிவானது ஸ்டாண்ட்பை வகை. மின்சாரம் போனால்தான் விழித்துக்கொள்ளும். நடுவில் இருப்பது லைன் இன்டராக்டிவ். மின்னழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினால் பேட்டரியைத் தொடாமலேயே சரிசெய்யும், போனால் சில மில்லி வினாடிகளில் மாறிவிடும். கணினி பவர் சப்ளைகள் 16 மில்லி வினாடி அளவுக்குத் தாமே தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன, ஆகவே அந்த இடைவெளி சர்வருக்குத் தெரியாது. மூன்றாவது ஆன்லைன் வகை. வரும் மின்சாரத்தை எப்போதும் நேர்மின்சாரமாக்கி மறுபடி மாறுமின்சாரமாக்கித் தரும், மாறும் நேரம் என்பதே கிடையாது. அருமையான சாதனம், மறுக்கவில்லை. பட்டறையில் வெல்டிங் இயந்திரமோ பெரிய மோட்டாரோ பக்கத்திலேயே ஓடுகிறது என்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் 24 மணி நேரமும் மின்விசிறி இரையும், வெப்பம் விடும், மின்கட்டணத்தில் தினமும் கொஞ்சம் தின்னும். நமக்கு வருவது நிதானமான 230 வோல்ட். சாதாரண அலுவலகத்தில் அதற்கு அத்தனை வேலை இல்லை.

லைன் இன்டராக்டிவ் வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேட்டரியில் ஓடும்போது தூய சைன் அலை, அதாவது சுவர் மின்சாரம் போலவே சீராக ஏறி இறங்கும் அலை, தருவதாக இருக்க வேண்டும். மலிவான பெட்டிகள் படிப்படியாக வெட்டிய ஓர் அலையைத் தருகின்றன. இன்றைய சர்வர் பவர் சப்ளைகளில் சில அதை ஏற்காமல் அந்தக் கணத்திலேயே அணைந்துவிடும். யூபிஎஸ் இருந்தும் இல்லாத கதைதான். 200 வெள்ளிக்குள் சொன்னவரிடம் போய் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த விலைக்குத் தூய சைன் அலை இருக்காது.

1,500 வெள்ளி சொன்னவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதை எந்த சாக்கெட்டில் மாட்டுவது? 3000 விஏ-வை 230-ஆல் வகுத்தால் 13 ஆம்பியரைத் தாண்டுகிறது. நம் சுவரில் இருக்கும் மூன்று முள் சாக்கெட்டின் வரம்பே 13 ஆம்பியர்தான். அதனால் இந்த அளவுப் பெட்டிகள் பலவும் 16 ஆம்பியர் இணைப்போடு வரும். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து டிபி பாக்ஸிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலைப்பட்டியலில் அவர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

என் பரிந்துரை: 1500 விஏ, 900 வாட்டை ஒட்டிய லைன் இன்டராக்டிவ், தூய சைன் அலை, யூஎஸ்பி இணைப்பு, நாமே கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி. கூடவே அந்த 30 மில்லி ஆம்பியர் விஷயத்தையும் மின்பணியாளரிடம் சொல்லுங்கள். பேன்ட்ரிக்கும் சர்வருக்கும் வெவ்வேறு ஆர்சிசிபி போட முடிந்தால் உங்கள் யூபிஎஸ்ஸுக்கு வேலையே பாதியாகக் குறையும்.

கேள்வி: எங்கள் பல் மருந்தகத்தில் எக்ஸ்ரே படங்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கின்றன. போன வருடம் நல்ல யூபிஎஸ் பார்த்துத்தான் வாங்கினோம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டட வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். திங்கள் காலை வந்து பார்த்தால், சர்வர் முறையாக அணைக்கப்படவில்லை என்று திரையில் செய்தி. யூபிஎஸ் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறேன். திருப்பிக் கொடுக்கலாமா?
- தோ பாயோ வாசகி, மருந்தக நிர்வாகி

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம் அம்மா, அது வேலை செய்திருக்கிறது. மின்சாரம் நின்றதும் பேட்டரியில் ஓடி, இருபது நிமிடமோ என்னவோ தாங்கி, பேட்டரி தீர்ந்ததும் அணைந்திருக்கிறது. அதனோடு சேர்ந்து சர்வரும் விழுந்திருக்கிறது. ஆளில்லாத மருந்தகத்தில் யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தியதைக் கேட்க யாரும் இல்லை. சர்வருக்கும் அது கேட்காது, நாம் சொல்லித்தந்தால் ஒழிய.

யூபிஎஸ் வந்த அட்டைப் பெட்டியைத் தேடிப் பாருங்கள். அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஒரு யூஎஸ்பி கேபிள் இருக்கும். நான் போய்ப் பார்க்கும் அலுவலகங்களில் யூபிஎஸ் இருக்கும், அந்தக் கேபிள் இழுப்பறையில் கிடக்கும். இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: எந்த மாடல் என்பதைவிட அந்தக் கேபிள் மாட்டியிருக்கிறதா என்பது முக்கியம். யூபிஎஸ் தான் பேட்டரியில் ஓடுகிறேன், இவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சர்வரிடம் சொல்லும் ஒரே வழி அது.

கேபிளை மாட்டிவிட்டு அந்தத் தயாரிப்பாளரின் மென்பொருளைச் சர்வரில் போடுங்கள். ஏபிசி (APC) நிறுவனத்தின் யூபிஎஸ் என்றால் பவர்சூட், மற்ற தயாரிப்பாளர்களுக்கும் இதுபோல் ஒன்று உண்டு. லினக்ஸ் சர்வர் என்றால் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் ஏறக்குறைய எல்லா வகையையும் புரிந்துகொள்ளும். பிறகு எப்போது அணைய வேண்டும் என்று சொல்ல வேண்டும். இதற்கு முதலில் உங்கள் சர்வர் முழுதாக அணைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். உள்ளே மெய்நிகர் கணினிகள் ஓடினால் அவை ஒவ்வொன்றாக அணைய வேண்டும், அப்புறம்தான் தாய்ச் சர்வர். விண்டோஸ் அப்டேட் காத்திருந்தால் இன்னும் இழுக்கும். நான்கு நிமிடம் ஆகிறது என்றால் பத்து நிமிடம் ஒதுக்கி, பேட்டரியில் ஐந்து நிமிடம் ஓடியதும் அணையத் தொடங்கு என்று வையுங்கள். கடைசித் துளி வரை ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

உங்களிடம் நாஸும் இருந்தால் யூஎஸ்பி கேபிள் ஒன்றுதானே, இரண்டுக்கும் எப்படி என்று கேட்பீர்கள். சினாலஜி போன்ற நாஸ்களில் யூபிஎஸ்ஸை அதில் மாட்டிவிட்டு, வலையில் இருக்கும் மற்றவற்றுக்கும் நீ செய்தி சொல் என்று அமைக்கும் வசதி உண்டு. அந்தச் செய்தி போவது நெட்வொர்க் சுவிட்ச் வழியாக. ஆகவே அந்தச் சின்ன சுவிட்சும் யூபிஎஸ்ஸில் மாட்டியிருக்க வேண்டும். அதை மட்டும் சுவரில் விட்டுவிட்டால் மின்சாரம் போன அதே கணத்தில் அதுவும் போய்விடும், செய்தி போய்ச் சேராது. ஒழுங்காக அமைத்த இடங்களில்கூட இந்த ஓட்டையை அடிக்கடி பார்க்கிறேன்.

மின்சாரம் திரும்பி வந்ததும் சர்வர் தானாகக் கிளம்ப வேண்டுமா? பயாஸில் (சர்வரின் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் மீண்டதும் ஆன் ஆகு என்ற அமைப்பை இயக்குங்கள். அது மட்டும் போதாது. சர்வர் முறையாக அணைந்த பிறகு, யூபிஎஸ் இன்னும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும்போது சுவர் மின்சாரம் திரும்பிவிட்டால், மின்சாரம் போய் வந்ததே சர்வருக்குத் தெரியாது, அணைந்தபடியே கிடக்கும். அதற்காகச் சர்வர் அணைந்ததும் யூபிஎஸ் தன் வெளியீட்டையும் நிறுத்த வேண்டும் என்று மென்பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதையும் போட்டுவிடுங்கள்.

எல்லாம் அமைத்ததும் ஒரு மாலை, கடைசி நோயாளி போன பிறகு, பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். யூபிஎஸ் மாட்டியிருக்கும் சுவர் சாக்கெட்டின் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், பிளக் உள்ளேயே இருந்தால் எர்த் இணைப்பு அறுபடாது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சர்வர் அணைவதையும், சுவிட்சைப் போட்டதும் மறுபடி எழுவதையும் கண்ணால் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

கேள்வி: அண்ணே, கடைக்கு மேல்மாடி ஸ்டோரில் பில் போடும் கணினிகளுக்கான சர்வரும் யூபிஎஸ்ஸும் வைத்திருக்கிறேன். பேட்டரி 3 முதல் 5 வருடம் வரும் என்றார்கள். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, மாற்று என்று சிவப்பு விளக்கு எரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
- டன்லப் ஸ்திரீட் வாசகர், மளிகை மொத்த வியாபாரம்

பதில்: தம்பி, அந்த ஸ்டோரில் மதியம் மூன்று மணிக்கு ஏறி நின்றிருக்கிறீர்களா? பழைய கடைவீடுகளின் மேல்மாடி, ஓட்டுக்கூரை, மூடிய ஜன்னல், அடுக்கிய மூட்டைகள். வெளியே 32 டிகிரி என்றால் உள்ளே அதற்கும் மேல். யூபிஎஸ்ஸின் உள்ளே இன்னும் சில டிகிரி கூடும், ஏனென்றால் பேட்டரியை எப்போதும் சார்ஜிலேயே வைத்திருக்கிறது. பேட்டரியின் ஆயுளை உற்பத்தியாளர்கள் சொல்வது 20, 25 டிகிரி வெப்பத்துக்கு. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது ஈய-அமில பேட்டரிக்குப் பொதுவான கணக்கு. நான்கு வருடம் இரண்டாகிவிட்டது, அவ்வளவுதான். உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

குளிர்சாதனம் உள்ள அலுவலகங்களும் இதில் தப்பவில்லை. கட்டடத்தின் மையக் குளிர்சாதனத்தை மாலை ஆறு மணிக்கு நிறுத்திவிடுவார்கள், ஞாயிறு முழுக்கக் கிடையாது. சர்வர் வைத்திருக்கும் சின்ன அறை கதவடைத்துக்கொண்டு இரவெல்லாம் சூடேறும். பகலில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்பார்கள். பத்து வெள்ளிக்கு ஒரு வெப்பமானி வாங்கி வைத்து, அதிகபட்சம் எவ்வளவு போனது என்று திங்கட்கிழமை காலை பாருங்கள்.

உங்களுக்கு முதல் வேலை, யூபிஎஸ்ஸைக் கீழே கொண்டுவருவது. சர்வரையும் சேர்த்துக் கல்லாவுக்குப் பின்னால் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. தரையில் நேராக வைக்காமல் சிறு பலகை மேல் வையுங்கள், கடை கழுவும் தண்ணீர் படக் கூடாது. சர்வரின் சூடான காற்று அதன்மேல் வீசக் கூடாது.

பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், புதுப் பெட்டி வேண்டாம். உங்கள் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சிம் லிம் டவர் இருக்கிறது. பழைய பேட்டரியைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணியும் 9 ஆம்பியர்-மணியும் வெளித்தோற்றத்தில் ஒரே அளவுதான், எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். தலையில் உள்ள இணைப்புத் தகட்டின் அகலமும் இரண்டு வகை, 4.75 மில்லிமீட்டர், 6.35 மில்லிமீட்டர். மாறிப்போனால் கம்பி தளர்ந்து சூடாகும். இரண்டு பேட்டரி இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று வைத்தால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். தயாரித்த தேதி எது என்று கேளுங்கள். அலமாரியில் ஒரு வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்தது வேண்டாம். மாட்டியதும் மார்க்கர் பேனாவால் மாதமும் வருடமும் பெட்டியின் முன்பக்கத்தில் எழுதிவிடுங்கள். பழையது உப்பியிருந்து வெளியே வர மறுத்தால் நெம்பாதீர்கள், கடைக்கே கொண்டுபோய்க் கழற்றச் சொல்லுங்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோடு வரும் யூபிஎஸ்களும் இப்போது உண்டு. வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும், 8, 10 வருடம் வரும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், எடையும் குறைவு. விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. சூட்டிலிருந்து விலக்க வழியே இல்லாத இடத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஈய-அமிலத்துக்காகச் செய்த பழைய பெட்டிக்குள் லித்தியம் பேட்டரியை வாங்கிப் போடாதீர்கள். சார்ஜ் செய்யும் முறையே வேறு. பெட்டி எதற்குச் செய்யப்பட்டதோ அதைத்தான் போட வேண்டும்.

கேள்வி: முகாமுக்கு எடுத்துப்போகும் கையடக்க மின்நிலையம் ஒன்று வீட்டில் சும்மா இருக்கிறது, 500 வாட்-மணிக்கு மேல். அதையே வீட்டு அலுவலகத்தின் சர்வருக்கு யூபிஎஸ்ஸாக வைக்கலாமா?
- ஜூரோங் ஈஸ்ட் வாசகர்

பதில்: ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தாராளமாக வையுங்கள், பல மணி நேரம் ஓடும். வீட்டுத் தொலைபேசியும் இப்போது ஃபைபர் வழியாகத்தான் என்றால் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் இல்லாமல் அதுவும் பேசாது, ஆகவே இது நல்ல பயன்.

சர்வருக்கு இரண்டு தடை இருக்கிறது. பேட்டரிக்கு மாற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கையேட்டில் பாருங்கள். 20 மில்லி வினாடி, அதற்கும் மேல் என்று இருந்தால் சர்வர் அணைந்துவிடலாம். இரண்டாவது, மேலே பல் மருந்தகத்துக்குச் சொன்னதுதான். பெரும்பாலான இந்தப் பெட்டிகளுக்குச் சர்வரிடம் நிலவரம் சொல்லும் வழி கிடையாது. எத்தனை மணி நேரம் ஓடினாலும் முடிவில் சர்வர் திடீரென்றுதான் விழும்.

கேள்வி: யூபிஎஸ்ஸின் பின்னால் இன்னும் துளை மிச்சம் இருக்கிறது. லேசர் பிரிண்டரையும் அதில் மாட்டலாமா? துளை வேறு வடிவமாக இருப்பதால் எக்ஸ்டென்ஷன் போட நினைக்கிறேன்.
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: லேசர் பிரிண்டர் வேண்டவே வேண்டாம். காகிதத்தில் மையை உருக்கி ஒட்டவைக்கும் உருளை சூடேறும்போது ஒரு கணத்தில் 1000 வாட் அளவுக்கு இழுக்கும். யூபிஎஸ் அந்த நேரத்தில் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தால் சுமை தாங்காமல் முழுதாக அணையும். ஒரு பக்கம் அச்சடிக்கப் போய் சர்வரை இழப்பீர்கள். பிரிண்டர் சுவரிலேயே இருக்கட்டும்.

அந்தத் துளைகள் சி13 என்ற வகை. அதற்கு நேராகப் பொருந்தும் கம்பி கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும், சர்வருக்கும் திரைக்கும் அது போதும். ரவுட்டர் போன்ற சின்ன அடாப்டர்களுக்கு சி13-இலிருந்து மூன்று முள் சாக்கெட்டுக்கு மாற்றும் கம்பி கேளுங்கள். இடி மின்னல் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷனை யூபிஎஸ்ஸின் வெளியீட்டில் மாட்டாதீர்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதைக் கையேட்டிலேயே தடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: மாற்றிய பழைய யூபிஎஸ் பேட்டரிகள் நான்கு அலுவலகத்தில் கிடக்கின்றன. வீசலாமா?
- அங் மோ கியோ வாசகர்

பதில்: குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். உள்ளே ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. செத்த பேட்டரி என்று நாம் சொல்வதிலும் தீப்பொறி பறக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். ஆகவே முதலில் ஒவ்வொன்றின் இரண்டு முனைகளிலும் மின்காப்பு டேப் ஒட்டுங்கள், நிமிர்த்தி ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்குங்கள். ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு மேல் இருக்கும், அடி கிழியாத பெட்டியாகப் பாருங்கள். ஏதாவது ஒன்று கசிந்திருந்தால் கையுறை போட்டு, அதை மட்டும் தனியாகத் தடித்த பிளாஸ்டிக் பையில் வையுங்கள்.

பேட்டரி விற்கும் கடைகள் பல பழையதை எடுத்துக்கொள்கின்றன, ஈயத்துக்கு மறுசுழற்சியில் மதிப்பு உண்டு. நீங்கள் புதியது வாங்கிய கடைக்கே முதலில் தொலைபேசியில் கேளுங்கள். அடுத்த முறை வாங்கும்போது, பழையதையும் எடுத்துக்கொள்வார்கள் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.